சூரியன் விடுப்பில் சென்ற ஊர்

பெண்ணைக் கூப்பிடு தூரத்தில் கட்டிக் கொடு என்பார்கள் நம் பெரியவர்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன்: மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி. ஆனால் மருமகனின் மேற்படிப்பும் உத்தியோகமும் அவளைத் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்கும், அங்கிருந்து நார்வே நாட்டின் வடகோடியிலுள்ள துரோம்சோ நகருக்கும் மேலே மேலே தூக்கிச் சென்று, இதற்கு அப்பால் போனால் பனிக்கரடிதான் பக்கத்து வீட்டுக்காரர் என்னும் இடத்தில் இறக்கிவிட்டன. அவளுக்குத் தலைப்பேறு என்று செய்தி வந்ததும், 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் நானும் என் துணைவியும் மூன்று மாத விசாவுடன் புறப்பட்டோம்.

என் துணைவியின் பெட்டியில் கருப்பட்டியும் சுக்கும் பிள்ளைத்துணிகளும் இருந்தன. என் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்குக் குறிப்பெடுக்காமல் பேசத் தெரியாது. 'ஊருக்குத் திரும்பி வாருங்கள்' என்று மகளிடமும் மருமகனிடமும் ஆற்ற வேண்டிய சொற்பொழிவை நான்கு தலைப்புகளில் எழுதி வைத்திருந்தேன்: ஒன்று, இருள். இரண்டு, குளிர். மூன்று, தனிமை. நான்கு, வயதான பெற்றோர். நான்காவது தலைப்பின் கீழ் எதுவும் எழுதவில்லை. அதற்குக் குறிப்பு எதற்கு?

பகலில்லாப் பட்டணம்

துரோம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 350 கிலோ மீட்டர் வடக்கே, ஒரு தீவின்மீது அமைந்த நகரம். சுமார் 78,000 பேர் வாழ்கின்றனர். நவம்பர் 27-ஆம் நாள் வாக்கில் சூரியன் அங்கே விடுப்பு விண்ணப்பம் கொடுத்துவிட்டுச் சென்றால், ஜனவரி நடுவில்தான் அடிவானத்துக்குத் திரும்புகிறது. திரும்பிய பிறகும் மலைகள் மறைத்துக் கொள்வதால் 21-ஆம் நாள் வாக்கில்தான் ஊராருக்கு முகம் காட்டுகிறது. கோடையிலோ மே 20 முதல் ஜூலை 22 வரை அஸ்தமிப்பதே இல்லை. எங்கள் பள்ளியில் சில ஆசிரியர்கள் இப்படித்தான் இருந்தார்கள். வராவிட்டால் வரவே மாட்டார்கள், வந்துவிட்டால் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

இருள் என்றால் கன்னங்கரிய இருள் அன்று. நண்பகலை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் வானமும் பனியும் கடலும் ஒன்றுபோல் நீலமாகும். பிறகு திரை விழுந்துவிடும். முதல் வாரத்தில் என் கணக்குகள் அனைத்தும் தப்பின. ஒருநாள் விழித்தெழுந்து, பல்துலக்கி, குளித்து, எல்லாருக்கும் காப்பி போட்டு எழுப்பினேன். மருமகன் மரியாதை குன்றாமல், "மாமா, மணி இரண்டேகால்" என்றார். மற்றொரு நாள் இருட்டிவிட்டதே என்று என் துணைவி குடும்பச் செபமாலையைத் தொடங்கிவிட்டாள். ஐந்து காரணிக்கமும் முடிந்த பின் கடிகாரத்தைப் பார்த்தால் பிற்பகல் மூன்று. "பரவாயில்லை, நம்ம ஊர்க் கணக்குப்படி சரியான நேரம்தான்" என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மணப்பாட்டில் அப்போது இரவு ஏழரை.

குளிரைப் பற்றியும் நான் தவறாகவே எண்ணியிருந்தேன். தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டம் அக்கரையைத் தழுவிச் செல்வதால் துறைமுகம் உறைவதில்லை. ஜனவரி மாதச் சராசரி வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே நான்கு டிகிரிதான். ஆனால் பனிப்பொழிவுக்குக் குறைவில்லை. 1997 ஏப்ரல் 29 அன்று தரையில் 240 சென்டிமீட்டர் பனி கிடந்ததாகப் பதிவு இருக்கிறது. நம் வீட்டு வாசலில் பெண்கள் காலையில் தண்ணீர் தெளித்துக் கோலமிடுவதைப்போல், அங்கே ஆண்கள் காலையில் மண்வாரி கொண்டு வாசலைத் தேடுகிறார்கள். முந்தைய நாள் மருமகன் அரைமணி நேரம் வாரிக் கண்டுபிடித்த படிக்கட்டு மறுநாள் மீண்டும் காணாமல் போயிருக்கும். அவர் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. ஊருக்கு வந்தால் ஒரு குடம் தண்ணீர் தூக்குவதற்கு முனகுகிற பிள்ளை இவர்தானா என்று நான் வியந்தேன்.

அந்த இருளில் என்னை முதலில் அசைத்தது சன்னல்கள். திருவருகைக் காலத்தில் எல்லா வீட்டுச் சன்னல்களிலும் காகித நட்சத்திரமோ மின்மெழுகுவர்த்திகளோ ஒளிர்கின்றன. எவரும் திரையை இழுத்து மூடுவதில்லை. நம் ஊர்த் தெருவில் மூங்கில் சீவி நட்சத்திரம் கட்டித் தொங்கவிடும் அதே நாட்களில், உலகின் உச்சியிலும் நட்சத்திரம் தொங்கக் கண்டேன். சொற்பொழிவின் முதல் தலைப்பில் ஒரு சிறு ஓட்டை விழுந்தது. காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

பாம்சே என்னும் பெரியவர்

மகள் வீட்டில் எங்களை முதலில் வரவேற்றவர் பாம்சே. பனிச்சறுக்கு வண்டி இழுத்து ஓய்வு பெற்ற நாய். ஓய்வு பெற்றவர்கள் ஒருவரையொருவர் எளிதில் அறிந்துகொள்கிறோம். வந்த அன்றே என் காலடியில் படுத்துவிட்டது. 'பாம்சே' என்றால் கரடிப்பொம்மை என்று பொருளாம்.

அப்பெயருக்கு ஒரு வரலாறும் உண்டு. நார்வேயின் வடமுனையை ஒட்டிய ஹோனிங்ஸ்வோக் என்னும் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய செயின்ட் பெர்னார்டு நாய், இரண்டாம் உலகப் போரின்போது தன் எசமானருடன் போர்க்கப்பலில் சேர்ந்தது. ஸ்காட்லாந்துத் துறைமுகங்களில் மாலுமிகள் மதுக்கடையில் சண்டையிட்டால் இடையில் புகுந்து விலக்குமாம். நேரமானால் பேருந்தேறிச் சென்று அவர்களைக் கப்பலுக்கு அழைத்துவருமாம். 1944-இல் இறந்த அதனை ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் நகரில் அடக்கம் செய்தார்கள். 2006-இல் அங்கும் 2009-இல் அதன் சொந்த ஊரிலும் சிலை எழுப்பினார்கள். குடித்தவரை வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும் நாய் நம் பங்குக்கு ஒன்று கிடைத்தால் நம் தாய்மார்களும் சிலை வைப்பார்கள்.

துரோம்சோ துறைமுகத்தருகே ரோல்டு அமுண்ட்சென்னின் சிலை நிற்கிறது. 1926-இல் அவரும் இத்தாலியரான உம்பெர்த்தோ நோபிலேயும் வான்கப்பலில் வடதுருவத்தைக் கடந்தபோது, நோபிலேயின் சிறு நாய் தித்தினாவும் கூடவே பறந்தது. அமுண்ட்சென்னுக்கு அது பிடிக்கவில்லையாம். பின்னர் இருவரும் பகைத்துக்கொண்டார்கள். ஆயினும் 1928-இல் நோபிலே பனிப்பரப்பில் விழுந்து காணாமற்போன செய்தி கேட்டதும், அமுண்ட்சென் இதே துரோம்சோவிலிருந்து ஜூன் 18-ஆம் நாள் விமானமேறித் தேடச் சென்றார், திரும்பவே இல்லை. நோபிலேயும் தித்தினாவும் பிழைத்துக்கொண்டார்கள். பகைவனைத் தேடிச் சென்று மாய்ந்தவரின் சிலைமுன் பாம்சே மரியாதையாக உட்கார்ந்துகொள்ளும். நானும் தொப்பியைக் கழற்றுவேன். ஆனால் உடனே அணிந்துகொள்வேன்.

இருட்டில் வண்டியோட்டிகளின் கண்ணில் படுவதற்காக நாய்க்கும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒளி வீசும் மேலங்கி உண்டு. நானும் பாம்சேயும் ஒரே மஞ்சள் நிறத்தில் உலாவுவதைக் கண்டு, "இதில் யார் யாரை நடத்திச் செல்கிறார்கள்?" என்று என் துணைவி கேட்டாள். விடை இரண்டாம் வாரத்தில் கிடைத்தது. வழுக்குப் பனியில் நான் நெடுஞ்சாண்கிடையாக விழ, பாம்சே கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்க, உதவிக்கு வந்தவர் அடுத்த வீட்டு மூதாட்டி. எண்பதைத் தாண்டியவர். நாற்காலிக்கு அடியில் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் பொருத்தியதுபோன்ற உதைவண்டியில் ஒரு காலை ஊன்றி மறுகாலால் உதைத்துச் சறுக்கிக்கொண்டு, கடைக்குப் போய் உருளைக்கிழங்கு வாங்கி வந்துகொண்டிருந்தார். என்னைத் தூக்கி நிறுத்தி, அந்த வண்டியின் இருக்கையில் கிழங்குப் பைக்குமேல் அமர்த்தி, வீடுவரை தள்ளி வந்தார். மறுநாள் காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்களையும், பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாமே பின்னிய கம்பளிக் காலுறைகளையும் கொண்டுவந்து தந்தார். எனக்கு அவர் மொழி தெரியாது. அவருக்கு என் மொழி தெரியாது. 'தனிமை' என்னும் மூன்றாம் தலைப்பு அன்று வலுவிழந்தது.

வெளியே உறங்கிய பேத்தி

டிசம்பர் 13-ஆம் நாள், புனித லூசியாவின் திருநாள். மழலையர் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளாடை அணிந்து, விளக்கேந்திப் பாடிச் சென்றார்கள். லூத்தரன் நாட்டில் சிசிலித் தீவின் புனிதைக்கு இவ்வளவு மரியாதை! அன்றிரவே பேத்தி பிறந்தாள். பெயர் தேட வேண்டிய வேலையே எவருக்கும் இருக்கவில்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து தர வேண்டும் என்று என் துணைவி நின்றாள். சுறாவுக்கு அங்கே எங்கே போவது? மருமகன் காட் என்னும் மீனைக் கொண்டுவந்தார். "வெள்ளைக்காரச் சுறா" என்று அதற்குப் பெயர் சூட்டி, சுக்கும் பூண்டும் தட்டிப் போட்டு அவள் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். பதிலுக்கு அவ்வூர் வழக்கப்படி எங்களுக்கு நாள்தோறும் காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெய் கிடைத்தது. வெயிலில்லாத நாட்டில் வெயிலின் சத்து அதில்தான் இருக்கிறதாம். வெயிலைக் கரண்டியில் குடிக்கும்போதுதான், ஊரில் அதைக் குடை பிடித்துத் துரத்தியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

அந்நாட்டில் பிள்ளைப்பேற்றுக்குப் பெற்றோருக்கு ஊதியத்துடன் மொத்தம் 49 வாரம் விடுப்பு உண்டு. அதில் 15 வாரம் தந்தைக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் தாய்க்கு மாற்ற முடியாது, வீணாகிவிடும். ஆகவே பகல்வேளையில் தெருவில் தள்ளுவண்டிகளைத் தள்ளிச் செல்வோரில் பலர் வாட்டசாட்டமான ஆண்கள். இருவர் சந்தித்தால் பல் முளைப்பதைப் பற்றியும் வயிற்றுப்போக்கைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். மருமகன் துணி மாற்றுவதையும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதையும் கண்டு முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. "உங்களுக்கு இதெல்லாம் யார் கற்றுக் கொடுத்தது?" என்றேன். "யாரும் கற்றுக் கொடுக்கல மாமா. அவ அழுதா, நான் கத்துக்கிட்டேன்" என்றார்.

பேத்திக்கு ஐந்து வாரம் ஆனபோது ஒருநாள் வீட்டில் ஓர் அலறல் கேட்டது. "ஏங்க! பிள்ளையை வெளியில போட்டுட்டாங்க!" ஓடிப் பார்த்தால், வீட்டு முகப்பில், பனிக்கு நடுவே தள்ளுவண்டி, அதனுள் கம்பளிக்குள் கம்பளியாகப் பேத்தி. அங்கே எல்லாப் பிள்ளைகளும் பகலில் வெளியேதான் உறங்குகின்றன. தூய காற்று நல்லதாம். பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை கவலையில்லையாம். மகள் எவ்வளவு சொல்லியும் என் துணைவியின் மனம் ஆறவில்லை. இறுதியில் காவலுக்கு என்னை அனுப்பினாள். நாற்காலி போட்டு, போர்வை போர்த்தி, பாம்சேயைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருந்தேன். பேத்தி ரோசாப்பூப் போன்ற கன்னத்தோடு உறங்கினாள். எனக்கு மூக்கு இருக்கிறதா என்பதே தெரியவில்லை. வீட்டார் கிழவனை வெளியே தள்ளிக் கதவடைத்துவிட்டார்கள் என்று எண்ணிய மூதாட்டி, சூடான காப்பியோடு வந்து, மகளிடம் நியாயம் கேட்கப் போய்விட்டார்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. என் மகள் பிறந்தபோது அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எட்டாம் நாள்தான் அவளைப் பார்க்கப் போனேன். அவள் நடக்கும் வயதுவரை ஒருமுறைகூடத் தெருவில் தூக்கி நடந்ததில்லை. ஆண்பிள்ளைகள் அப்படிச் செய்வது வழக்கமில்லை. எந்த அரசும் எனக்கு 15 வாரம் ஒதுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒதுக்கியிருந்தாலும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருப்பேன் என்பதும் உண்மை.

மான்களும் மீன்களும்

அவ்வூரில் வேலை முக்கியம். ஆனால் மாலை நான்கு மணிக்குப் பிள்ளையை அழைத்துவருவது அதைவிட முக்கியம். நான்கு மணிக்குமேல் அலுவலகத்தில் இருப்பவனைக் கடமை வீரன் என்று மெச்சுவதில்லை; வீட்டில் ஏதேனும் தகராறா என்று விசாரிக்கிறார்கள். பெரிய பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். என்னையும் ஒரு பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி அழைத்தான். முப்பத்து நான்கு ஆண்டுப் பிரம்புப் பழக்கம் கையில் ஒரு கணம் துடித்தது. தீவின் அடியில் குடைந்த சுரங்கப் பாதைகளில் வட்டச் சாலைச் சந்திப்புகள்கூட உண்டு. வழி தவறினால் பூமிக்கடியில் சுற்றிக்கொண்டே இருக்கலாம். நாங்கள் இருமுறை சுற்றினோம்.

ஊருக்கு வெளியே கலைமான்கள் சாலையில் நிற்கும். ஒலியெழுப்பினாலும் நகர்வதில்லை. நம் ஊர்ச் சாலையில் மாடுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு மட்டும் அது வியப்பாக இல்லை. அவை காட்டுமான்கள் அல்ல. சாமி என்னும் பழங்குடி மக்களுக்கு உரியவை. கன்றின் காதில் வெட்டிய அடையாளம் எந்தக் குடும்பத்துக்குரியது என்று காட்டும். அம்மக்களில் ஒருவரைச் சந்தித்தபோது, "உங்களிடம் எத்தனை மான்கள்?" என்று கேட்டுவிட்டேன். மருமகன் என் காலை மிதித்தார். அது வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பதற்கு ஒப்பாம்!

பிப்ரவரியில் ஒரு மீனவச் சிற்றூருக்குச் சென்றோம். குளிர்காலத்தில் காட் மீன்கள் பாரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட இக்கரைக்குத் திரண்டு வருகின்றன. கரைக்கு வந்ததும் அவற்றின் நாக்கை அறுத்தெடுக்கும் தொழில் பரம்பரையாகச் சிறுவர்களுக்கு உரியது. பள்ளி விட்டதும் ஓடிவந்து, நிமிர்த்திய கூர்ங்கம்பியில் மீன்தலையைக் குத்தி, ஒரே வீச்சில் நாக்கை அறுத்து வாளியில் போடுகிறார்கள். கத்தியைக் கண்டு நான் பதறினேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் எனக்கும் கற்றுத் தருவதாகச் சொன்னாள். சம்பாதித்தது அவர்கள் பணம், பெற்றோர் கேட்பதில்லை.

கரையில் மரச்சட்டங்களில் தலையறுத்த மீன்கள் வால்களில் இணை இணையாகக் கட்டித் தொங்கின. நம் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும்; அங்கே இரண்டும் இல்லாமல், பூச்சியத்தை ஒட்டிய குளிரும் கடற்காற்றும் மட்டுமே மூன்று மாதங்களில் மீனைக் கட்டையாக உலர்த்திவிடுகின்றன. இதில் பெரும்பங்கு இத்தாலிக்குப் போகிறது, தலைகள் நைஜீரியாவுக்கு. 1432-இல் கப்பலுடைந்து ரோஸ்ட் தீவில் கரையொதுங்கிய வெனிஸ் நகர வணிகர் பியெத்ரோ கெரினி இம்மீனைத் தம் நாட்டாருக்கு அறிமுகம் செய்தார் என்பர். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பல நூற்றாண்டுகளாக இத்தாலியக் குடும்பங்களின் உணவுத்தட்டில் அமர்ந்தது இந்தக் கருவாடுதான். கருவாட்டு மணத்தில் வளர்ந்த எனக்கு, ஊரை விட்டு வந்தபின் முதன்முறையாக மூச்சு நிறைந்தது.

மரத்தால் கட்டிய அன்னை மரியாள் பேராலயம் 1861-ஆம் ஆண்டினது. 1989 ஜூன் மாதத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் துரோம்சோவுக்கு வந்திருக்கிறார். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது ஒரு முதியவர் தமிழில் வணங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். 1980-களில் வடநார்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த ஈழத்தமிழர்களுள் ஒருவர். பல ஆண்டுகள் மீன் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார்.

"நாங்கள் வந்த முதல் மாரியிலை, இந்த நாட்டிலை எப்பவும் இரவுதான் எண்டு நினைச்சு அழுதனாங்கள், ஐயா. பிறகு கோடை வந்தது. வெயில் போகாமல் நிண்டுது. அப்பவும் நித்திரை இல்லாமல் அழுதனாங்கள்" என்று சொல்லிச் சிரித்தார். சற்றுப் பொறுத்து, "உங்கட மகளுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்குது. அது பெரிய காரியம், ஐயா" என்றார். என் பையிலிருந்த காகிதம் கனத்தது.

சூரியன் வந்தது

ஜனவரி 21 அன்று ஊரே சூரியனை எதிர்கொள்ளப் புறப்பட்டது. அந்நாளுக்கென்று பழக்கூழ் வைத்த இனிப்பு உருண்டைகள் உண்டு, கடைகளில் வரிசை. ஆனால் வந்தவை மேகங்களே. ஊரார் கவலைப்படாமல் உருண்டைகளைத் தின்றுவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை வராவிட்டாலும் விருந்தை நிறுத்தக் கூடாதாம்.

மூன்றாம் நாள் நண்பகல். நானும் மகளும் பாம்சேயும் தெருவில் இருந்தோம். பிள்ளையைத் துணித்தூளியில் கட்டி என் மார்போடு பிணைத்திருந்தாள் மகள். திடீரெனத் தெற்கே இரு மலைகளுக்கு நடுவே ஒரு செந்தழல் எட்டிப் பார்த்தது. தெருவில் சென்றவர்கள் அப்படியே நின்றார்கள். கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்தார். ஒளி பேத்தியின் நெற்றியில் விழுந்தது. பிறந்து நாற்பத்திரண்டு நாளில் அவள் கண்ட முதல் வெயில். முகத்தைச் சுளித்தாள், பிறகு தும்மினாள்.

"அப்பா, அந்தக் காகிதத்தை எப்ப வாசிக்கப் போறீங்க?" என்றாள் மகள்.

நான் திடுக்கிட்டேன். சட்டையைத் துவைக்கப் போட்டபோதே பார்த்திருக்கிறாள். ஆறு வாரமாக ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கிறாள்.

"நாலாவது தலைப்பில ஒண்ணுமே எழுதல. அதுக்குத்தான் என்கிட்ட பதில் இல்ல" என்றாள். குரல் சற்றே கம்மியது.

என்னிடமும் இல்லை. பேத்தியின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, சூரியன் மலைக்குப்பின் மறையும்வரை மூவரும் நின்றோம். சில நிமிடங்கள்தான். அவள் பிறந்தபோது நான் தூக்கி நடக்காத தெரு ஒன்று இருந்தது. அவள் மகளைத் தூக்கிக்கொண்டு அதை இங்கே நடந்தேன். சொற்பொழிவு அங்கேயே முடிந்தது.

பிப்ரவரி இறுதியில் ஊர் திரும்பினோம். மூதாட்டி எனக்கும் ஒரு சோடிக் கம்பளிக் காலுறை பின்னித் தந்தார். மணப்பாட்டு வெயிலில் அதை எங்கே அணிவது என்று தெரியாமல், செபப்புத்தகத்துக்கு உறையாக்கியிருக்கிறேன். மருமகனும் மகளும் எப்போது திரும்புவார்கள் என்று ஊரார் கேட்கிறார்கள். தெரியாது என்றே சொல்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது இரண்டு கடிகாரங்கள். இரவு ஏழரைக்கு நாங்கள் செபமாலை தொடங்கும்போது கைப்பேசியில் மகளும் சேர்ந்துகொள்கிறாள். அங்கே மாரியில் பிற்பகல் மூன்று, கோடையில் நான்கு. நடுவே பேத்தி மழலை பேசுவாள். பாம்சே ஒருமுறை குரைப்பான். அதையும் செபமாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று என் துணைவி ஆணையிட்டிருக்கிறாள்.